சாக்ஸுக்குள் உப்பு

மணாலிக்கு மேலே, தேவதாரு காட்டு வழியாக இன்று ஒரு பனிமலை ஏறினோம். உடன் வந்தவர்கள் அந்தமான் டாலிகஞ்சில் என் பக்கத்து வீட்டுக்காரர்களான செல்வமும் அவர் மனைவி லதாவும். எல்லா லீவுக்கும் செல்வத்தின் ஊரான தேனிக்கே போகிறவர்கள். லதா விடாமல் கேட்டதால் இந்த முறை பனி பார்க்க வந்தார்கள்.

ஏறுவதற்கு முன் செல்வம் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸுக்குள் உப்பைக் கொட்டினார். அந்தமானில் காட்டுக்குள் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து செய்வதுதான்.

பனியில் அட்டை இருக்காது என்று வழிகாட்டி சிரித்தார்.

"மெயின்லேண்ட் ஆளுங்களுக்கு ஜங்கல் பத்தி என்ன மாலும், சார்? என்ன தெரியும்?" என்றார் செல்வம் என்னிடம்.

பாதி வழியில் பூட்ஸுக்குள் புகுந்த பனி உப்போடு கரைந்து, அவர் கால் விரல்கள் மரத்துப்போயின. தேநீர்க் கூடாரத்து நெருப்பருகே உட்கார்ந்த பிறகுதான் உணர்வு திரும்பியது. இதற்கு மேல் அவர் ஏற வேண்டாம் என்றார் வழிகாட்டி.

லதா கைத்தடியைக் கீழே வைத்தார். "நீங்க இல்லாம நான் எதுக்குங்க? இறங்கிடலாம்."

"பாகல் மாதிரி பேசாத, பைத்தியமா உனக்கு? கேட்டது நீதான? சாரோட போ. நான் சாய் குடிச்சிட்டு இருக்கேன்."

உச்சியில் லதா இரண்டு கையாலும் பனியை அள்ளிப் பார்த்தார். பிறகு கணவருக்குப் போன் செய்தார்.

"வந்துட்டேங்க. அடுத்த லீவுக்கும் இங்கதான். அப்ப நீங்களும் மேல வரணும்."

செல்வத்தின் பதில் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த லீவுக்கும் இவர்கள் ஊருக்கு வரப்போவதில்லை என்று தேனிச் சொந்தங்களுக்கு யார் சொல்வது?