இரண்டு தடவை ஏறிய அம்பாங் மலை

இந்த மலாய் நாட்டில் ஒருவனை எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால் எண்ணைச் சொல்வான். நாலாம் கட்டை, ஒன்பதாம் கட்டை, பதினாலாம் கட்டை. சாலையோரத்து மைல்கல்லைத்தான் இங்குள்ள நம்மவர்கள் கட்டை என்கிறார்கள். கல் நட்ட இடத்தில் நாலு வீடு வந்துவிட்டால் அந்த எண்ணே ஊர்ப்பெயர் ஆகிவிடுகிறது. கப்பலைவிட்டு இறங்கிய புதிதில், சாமி பெயரோ மரத்தின் பெயரோ இல்லாத ஊரில் மனிதன் எப்படிக் குடியிருப்பான் என்று கவலைப்பட்டேன். பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. நான் எதையும் எண்ணிப் பார்க்கிறவன். படிகள், ரயில் பெட்டிகள், சோற்றில் அகப்படும் கல் எல்லாவற்றையும். மன்னார்குடியில் இதற்குக் கிறுக்கு என்று பெயர். இங்கே ரயில்வேயில் இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சென்ற வருஷத்தோடு அந்தச் சம்பளம் நின்றது. ஓய்வு பெற்ற கையோடு மலேரியா வந்து, பிரிக்பீல்ட்ஸில் மகன் நடராஜனின் குவாட்டர்ஸில் படுத்துக் கிடந்தேன். எழுந்து பார்த்தால் என் இரும்புப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தான்.

“ஊர்ல சித்தப்பா இருக்காரு, பாத்துக்குவாரு. திங்கக்கிழம கப்பல் டிக்கெட் எடுத்துடறேன்” என்றான்.

“எனக்கு என்னடா ஆச்சு?”

“பாசார் வரைக்கும் நடக்கவே மூச்சு வாங்குதேப்பா.”

“நடந்தாத்தான் வாங்குது. சைக்கிள்ல போனா வாங்காது.”

அடுப்படியிலிருந்து என் மனைவி கமலத்தின் குரல் வந்தது. “ஆமா, அம்பாங் மலைய கூட ஏறிடுவாரு!”

நடராஜன் சிரித்துவிட்டான். “ஏறட்டுமே! மலை ஏறி, அந்தப் பக்கம் லங்காட்ல எறங்கி, செராஸ் ரோட்டு வழியா வீட்டுக்கு வரட்டும். ஏத்தத்துல கால் ஊனக்கூடாது, ஒருத்தரும் கை கொடுக்கக்கூடாது. வந்துட்டா பெட்டிய பிரிச்சிடலாம்.”

“சரி” என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கமலம் இரண்டு சக்கரத்தின் அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் கப்பலேறினால் அவளும் ஏற வேண்டும். பேரப்பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் பத்து சைக்கிளுக்குக் காணும் அளவு சாம்பிராணிப் புகை போட்டாள். பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

அம்பாங் வரை பாதை தட்டையானது. ஈயச் சுரங்கங்கள் தோண்டிப்போட்ட மணல் மேடுகள் இருபுறமும் வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொரு கட்டையையும் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கவலையும் வந்தது. முதலில் டயர். பிறகு மழை, குடையைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பிறகு புலி. அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, மணியைத் தவிர.

அம்பாங்கைத் தாண்டியதும் ரப்பர்க் காடு முடிந்து பெரிய காடு தொடங்கியது. சாலை மூங்கில் கூட்டத்துக்குள் திரும்பி எழும்பியது. நான் பிறந்த சீமையில் மேடு என்றால் வாய்க்கால் பாலம்தான். அதில் மாட்டு வண்டி ஏறும்போது நாங்கள் இறங்கி நடப்போம். மாட்டின் மேல் இரக்கம். இங்கே மாடும் நானே, வண்டிக்காரனும் நானே. எழுந்து நின்று மிதித்தேன். வளைவுகளை எண்ணினேன். உங்கா குரங்குகள் மரத்துக்கு மரம் கூவின. சட்டை முதுகோடு ஒட்டியது. ஏழாவது வளைவில் வண்டி திடீரென்று லேசாகியது. மலேரியா போய் இளமை வந்துவிட்டது என்று ஒரு கணம் நம்பினேன்.

திரும்பினால் ஒரு மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும், இருக்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய வாழைத்தோட்டம். கம்பம் என்று சொல்லும் அந்த மலாய்க் கிராமத்தில் பாரவண்டியோ சைக்கிளோ மேட்டில் திணறினால், தோட்டத்தில் நிற்பவர் ஓடிவந்து தள்ளுவது வழக்கமாம், கேட்க வேண்டியதில்லை.

“தா உசா, என்சே, தா உசா” என்றேன், வேண்டியதில்லை ஐயா என்று. உதவுகிறவரிடம் முகத்தைச் சுளிக்கலாமா? நம் வழக்கப்படி சிரித்துக்கொண்டே மறுத்தேன். அங்கேதான் பிசகியது. நம் வீட்டு விருந்தாளி முதல் இரண்டு தடவை வேண்டாம் என்பது எப்படி மரியாதையோ, அவர்களுக்கும் அப்படியே.

“தாப்பா, துவான், தாப்பா!” பரவாயில்லை ஐயா என்று இன்னும் பலமாகத் தள்ளினார். நான் மறுக்க மறுக்க அவருக்கு என் மேல் மதிப்பு கூடியது. ஒன்பதாவது வளைவில்தான் விட்டார்.

காட்டில் வேறு யாரும் இல்லை. இப்படியே போய்விட்டால் நடராஜனுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் வளைவுகளை எண்ணியிருக்கிறேனே! இரண்டு வளைவு என்னுடையதல்ல. மீதி வாழ்நாள் முழுவதும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த இரண்டையும் கழித்துக் கழித்துப் பார்ப்பேன். சைக்கிளைத் திருப்பினேன்.

இறங்கி வருவதைக் கண்டு அவர் பதறிப்போனார். “எதையாவது விட்டுட்டீங்களா, துவான்?”

எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் விளக்கினேன். மகன் சொல்லியிருக்கிறான், யாரும் தொடக்கூடாது. அடியிலிருந்து மறுபடி ஏறப்போகிறேன்.

“மகன் சொல்லி அப்பன் கேக்கறதா?” என்று வாயைப் பிளந்தார். பிறகு யோசித்து, “என் மகனும் அப்படித்தான்” என்றார்.

அடிவாரம் போய்த் திரும்பினேன். இரண்டாம் முறை காலில் உயிர் இல்லை, கோபம்தான் மிதித்தது. ஏழாவது வளைவில் அவர் காத்திருந்தார். பெயர் ஒஸ்மான் என்றார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, பார்வையிட வந்த அதிகாரி மாதிரி என்கூடவே நடந்தார். நடக்கிறவரை என்னால் முந்த முடியவில்லை! வண்டி தள்ளாடியபோதெல்லாம் அவர் தோள் துடித்தது. கை மட்டும் வரவில்லை. பத்தொன்பதாவது வளைவில் மேடு தீர்ந்தது.

அவர் கைகளை அவிழ்த்துவிட்டுக் காடு அதிரக் கத்தினார். நானும் மணியை அடித்தேன், விடாமல். ஒரு புலிகூட வரவில்லை.

“துவானுக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். மன்னார்குடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது எந்தக் கட்டை என்று எப்படிச் சொல்வது? “பிரிக்பீல்ட்ஸ்” என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

அதன் பிறகு இறக்கம். லங்காட் ஆறு, துரியான் தோப்புகள், செராஸ் சாலை. மொத்தம் முப்பத்திரண்டு கட்டை இருக்கும். ‘இருக்கும்’ என்று எழுதக் கை கூசுகிறது; இரண்டு கற்கள் புதரில் மறைந்திருந்தன.

நண்பகலில் வீட்டு வாசலில் நடராஜன் நின்றான். விடிந்ததிலிருந்தே நிற்கிறான் என்று கமலம் பிறகு சொன்னாள்.

“யாராவது தள்ளினாங்களாப்பா?”

“தள்ளினாரு. அதனாலதான் ரெண்டு தடவ ஏற வேண்டியதாப் போச்சு.”

அவன் என்னைப் பார்த்தான், சேறு படிந்த சக்கரத்தைப் பார்த்தான். உள்ளே போய்ப் பெட்டியின் கயிற்றை அறுத்தான்.

அன்று மாலையே பெட்டியைக் கலைத்தேன். பதினேழு சாமான். பன்னிரண்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். மீதி ஐந்தும் மன்னார்குடியிலிருந்து கொண்டுவந்த வெண்கல உருளியும் செம்புகளும். அவற்றை எடுக்கக் கை வரவில்லை, மூடிவிட்டேன். என் சைக்கிளுக்குத் தாங்கி கிடையாது, அந்தப் பெட்டியில்தான் சாய்த்து வைக்கிறேன். காலிப் பெட்டியாக இருந்தால் வண்டி அதையும் தள்ளிக்கொண்டு விழுந்துவிடும். அந்த ஐந்தும் உள்ளே கிடக்கிற கனத்தில்தான் நிற்கிறது.