எட்டாம் நாள் முட்டைக்கோப்பி

அண்ணை அனுப்பிய ஒரு வீடியோவால்தான் அக்கா முட்டையை விட்டாள். பாலும் முட்டையும் புற்றுநோய்க்குத் தீனி என்று அதில் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார். அண்ணை கனடாவில். வேலணை வீட்டில் நானும் அக்காவும் மட்டுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வான் பிடிக்கிற காசு அண்ணையுடையது. ஆகவே சொல்லும் அவருடையதுதான்.

மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அக்காவுக்கு மீன் மணமே ஆகாது. சோறு வாய்க்குள் மண்ணாகக் கிடக்குது என்பாள். தொண்டையால் இறங்கியது முட்டைக்கோப்பி ஒன்றுதான். முட்டையைச் சீனியோடு நுரைக்க அடித்து, கொதிக்கக் கொதிக்கப் பால்கோப்பியை ஊற்றிக் கொடுப்பேன். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் விழுந்து எழும்பினவனுக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் கொடுப்பது. வீடியோ வந்த அன்றோடு அதுவும் நின்றது.

கிளினிக்கில் நிறை பார்த்துவிட்டு டொக்டர் சத்தம் போட்டார். உடம்பு இப்படி இறங்கினால் மருந்து ஏற்ற ஏலாது, பாலோ முட்டையோ எது இறங்குதோ அதைக் கொடுங்கள் என்றார். அன்று மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் வான் மண்கும்பான் ஊரைத் தாண்டும்வரை நான் வாய் மூடவில்லை. படித்த டொக்டர் சொல்வது காதில் ஏறாது, போனில் வந்தது வேதவாக்கோ என்று ஏசினேன். அக்கா கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணை எனக்குக் கெட்டது சொல்லுவாரோ?"

அண்ணைக்கே வீடியோ கோல் எடுத்தேன். டொக்டர்மாருக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்றார். அவர் கையிலேயே பால்கோப்பி இருந்ததைப் பார்த்துக் கேட்டேன். தனக்கென்ன புற்றுநோய் வருத்தமா என்றார்.

அக்கா குரக்கன் கஞ்சியோடு காய்ந்தாள். அடுத்த கிளினிக்கிலும் மருந்து ஏற்றவில்லை. கட்டிலோடு கிடந்த பிறகுதான் மனம் மாறினாள். ஒரு பின்னேரம் கூப்பிட்டாள்.

"ஒரு முட்டைக்கோப்பி போட்டுத் தாறியே? தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன."

ஓடிப்போய் அடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் விழுங்க முடியவில்லை. மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

செத்தவீட்டுக்கு அண்ணை வந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து இலையில் படைப்பது வழக்கம். மீன், இறால், கணவாய் எல்லாம் அண்ணையே பார்த்துப் பார்த்து வாங்கி வந்தார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"அவளுக்கு முட்டைக்கோப்பி எண்டால் உயிர். பால் கூட விட்டு ஒண்டு அடிச்சு வை."

"இப்ப குடிச்சால் வருத்தத்தைக் கூட்டாதோ, அண்ணை?"

அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. இரண்டு முட்டை உடைத்து நன்றாக அடித்து, கோப்பை வழிய ஊற்றி இலையில் வைத்தேன். இந்த முறை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.