மிச்சம் மூன்று ஞானப்பல்

என் கணவருக்கு ஞானப்பல் முளைத்த வருஷம் எனக்குப் பொறுமையே போய்விட்டது. கீழ்க் கடைவாயில் ஈறு வீங்கும். வாயைத் திறக்க முடியாமல் சாமைக் கஞ்சியை உறிஞ்சுவார். வீக்கம் வடிந்ததும், "இன்னா, சரியாப் பூட்ச்சி பாரு" என்று கறிச்சோறு கேட்பார். அடுத்த மாதம் மறுபடி வீங்கும்.

கடைசியில் ஒருநாள் சண்டை போட்டு, எங்கள் மலையிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸில் அவரை ஏற்றினேன். கண்ணமங்கலத்தில் பல் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும், உப்பிய கன்னத்தோடு, "வலியே இல்லீங்க மேடம், இவதான் வுட மாட்டேன்றா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பல் படுத்தவாக்கில் முளைத்துப் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. ஈறு மூடிய இடுக்கில் சோறு தங்கிச் சீழ் பிடித்திருந்தது. மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் அதை எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

மறுவாரம் மரத்துப்போகும் ஊசி போட்டதும் இவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"மலையிலேர்ந்து அடிக்கடி வர பஸ்ஸே கெடைக்கறதில்ல மேடம். மிச்சம் மூணையும் சேத்து எடுத்துடுங்க."

"அதுங்க நேரா இருக்குங்க. நல்லா வெளக்கவும் முடியுது. தொந்தரவு குடுக்காத பல்ல எதுக்கு எடுக்கணும்?"

டாக்டரம்மா அந்த ஒரு பல்லை மட்டும் எடுத்தார். பஞ்சைக் கடித்தபடி வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்த இவர், வீட்டுக்கு வந்து பஞ்சைத் துப்பியதும் சொன்னார்:

"நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா மூணையும் எடுத்திருப்பாங்க."

ஆறிய சாமைக் கஞ்சியை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன்.