நைலான் புஷ் வீங்கிய கோடை

1. திரும்பி வந்த பெட்டிகள்

மதுரையை ஒட்டிய கப்பலூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் கம்பெனியில் நான் புரொடக்ஷன் மேனேஜராக இருந்தபோது, ஒரு ஜூன் மாதக் காலையில் லாரியிலிருந்து பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் இறங்கின. மூன்று நாளுக்கு முன் ஒரு பம்பு கம்பெனிக்கு நாங்கள் அனுப்பியவை. முதல் பெட்டிக்குள் ஒரு தாள் கிடந்தது. ‘ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது.

உள்ளே இருந்தவை நைலான் புஷ்கள். நடுவில் ஓட்டையுள்ள சிறு வளையங்கள். தண்ணீர்ப் பம்புக்குள் போகிறவை. வெளிவிட்டம் நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு குறையலாம். நான் பத்துப் புஷ்களை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். பத்தும் நாற்பது புள்ளி பூஜ்யம் எட்டை ஒட்டியே இருந்தன.

அவற்றை சி.என்.சி. என்கிற கம்ப்யூட்டர் லேத்தில் ஓட்டியவர் மலைச்சாமி. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஐ.டி.ஐ. டர்னர், அப்போது வயது நாற்பதுக்குள். நைலானை ஓட்டுவது தொல்லை. சீவல் உடையாமல் நூலாக வந்து, பீஸைப் பிடித்திருக்கும் சக்கில் சுற்றிக்கொள்ளும். மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்த வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். “இது இரும்பு இல்ல சார், மைக்ரோமீட்டர இறுக்குனா அமுங்கிக் குடுத்து நம்மளயே ஏமாத்திரும்” என்பார். பத்துப் பீசுக்கு ஒன்றை அளந்து ஷீட்டில் எழுதுவது எங்கள் முறை. அவருடைய ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு, ஒன்பது எட்டு, மறுபடி ஒன்பது ஏழு. பக்கம் பக்கமாக அதே இரண்டு எண்கள்.

அளக்காமல் எழுதுகிறவர்களின் ஷீட் அப்படித்தான் இருக்கும். நல்ல ஆப்பரேட்டரின் ஷீட்டும் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

முதலாளி அறைக்கு அவரைக் கூப்பிட்டோம்.

“நான் அளந்ததுதான் சார். எம் புள்ளைக மேல சத்தியமா அளந்தேன். பீஸ்தான் மாறிருக்கு.”

முதலாளி சிரித்தார். “நைலான் என்ன இட்லி மாவாய்யா, வச்ச எடத்துல பொங்குறதுக்கு?”

நானும் சிரித்தேன். மலைச்சாமி என்னைத்தான் பார்த்தார். “நீங்க படிச்சவுக சார். நீங்க சொல்லுங்க, மாறாதா?”

“மாறாது” என்றேன்.

அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம். டீக்கடையில் மற்ற ஆப்பரேட்டர்கள், “என்ன மாப்ள, ஷீட்ட வீட்ல இருந்தே எழுதிட்டு வந்துட்டியா?” என்று அவரைக் கேலி செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஆள் எடுக்குமுன், பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார்கள். சர்டிபிகேட்டை யாரும் பார்ப்பதில்லை. ஒரு வாரத்தில் ஒரு வால்வு கம்பெனிக்காரர் என்னைக் கூப்பிட்டு, மலைச்சாமி ஆள் எப்படி என்று கேட்டார்.

“கை நல்ல கைதான். ஆனா அளக்காம எழுதுவான்” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

2. டம்ளரில் ஒரு புஷ்

பழைய ஃபைல்களை ஒதுக்கும்போது, அந்த ஆர்டரின் முதல் பீஸ்கள் இரண்டு கிடைத்தன. வேலை தொடங்கிய அன்று மலைச்சாமி அவற்றைப் பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டி, மேலே அளவை எழுதிக் கொடுத்திருந்தார். முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு. அளந்து பார்த்தேன். அதே ஒன்பது எட்டு.

அந்த இரண்டு எப்படிச் சரியாக இருக்கின்றன? அன்று எனக்கு வந்தது இரக்கம் அல்ல, ஆர்வம். ஒன்றைக் கவருக்குள் திரும்ப வைத்தேன். இன்னொன்றைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தேன். தினமும் டீ வருமுன் அதைத் துடைத்து அளப்பேன். முதல் நாள் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நாற்பதைத் தொட்டது. பத்தாம் நாள் நாற்பது புள்ளி பூஜ்யம் ஏழு. ஒரு செடி வளர்வதைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவருக்குள் இருந்தது மயிரிழைகூட மாறவில்லை.

நைலான் ஈரத்தைக் குடித்து வீங்கும். கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் மதுரையில், மே மாத வெயிலில், ஈரம் எங்கிருந்து வந்தது? பதில் என் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்ஷன் அறையில் சூடு தாங்காமல், கோடை தொடங்கியபோது நான்தான் ஒரு ஏர் கூலர் கேட்டு வாங்கியிருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற வகை. அந்தப் புஷ்கள் அனுப்புவதற்கு முன் மூன்று வாரம், மூடாத டிரேக்களில், அதன் வாய்க்கு நேராக இருந்தன.

மறுநாளே கூலரை வெளியே எடுக்கச் சொன்னேன். பீஸ்களை அன்றன்றே ஒட்டும் கவரில் போடவும் உத்தரவு போட்டேன். ஏன் என்று முதலாளி கேட்டார். “தூசி படியுது சார்” என்றேன். டம்ளர் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன்.

அடுத்த மாதம் இரண்டாவது போன் வந்தது. பழங்காநத்தத்தில் இரண்டு சி.என்.சி. மிஷின் வைத்திருந்த ஒருவர்.

“மலைச்சாமின்னு ஒருத்தரு வந்திருக்காரு சார். நம்பி மிஷினக் குடுக்கலாமா?”

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். சொன்னால் கூலரையும் சொல்ல வேண்டும். “நான் என்னத்தச் சொல்ல... நீங்களே பாத்துக்கங்க” என்று வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை என்று பல வருடம் என்னையே தேற்றிக்கொண்டேன்.

3. ஒத்தக்கடை

ஓய்வு பெற்ற பிறகு, சென்ற மாதம், மலைச்சாமியைத் தேடிப் போனேன். ஒத்தக்கடையில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒரு ஷெட்டில், பழைய கை லேத்தில் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார்.

“வாங்க சார். என்ன, இம்புட்டு தூரம்?”

நின்றபடியே சொல்லி முடித்தேன். கூலர், டம்ளர், இரண்டு போன், எல்லாம். அவர் லேத்தை நிறுத்தினார்.

“எத்தன நாள்ல ஏறுச்சு சார்?”

“பத்து நாள்.”

“எனக்குப் பன்னெண்டு நாளாச்சு. ஒரு பீச வீட்டுக்குக் கொண்டுபோயி தண்ணிப்பானையில போட்டு வச்சேன். மைக்ரோமீட்டருக்கு நான் எங்க போறது? ஒரு பழைய பேரிங் வளையத்துக்குள்ள விட்டு விட்டுப் பாத்தேன். மொத நாளு வழுக்கிட்டுப் போச்சு. பன்னெண்டாம் நாளு நொழையல.”

“அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே?”

“வந்தேனே சார். வாட்ச்மேன் உள்ள விடல.” கையைத் துணியில் துடைத்தார். “எனக்குத் தெரிஞ்சதயே எங்கிட்ட வந்து சொல்றீக. போன்ல கேட்டாகள்ல, அவுககிட்டச் சொல்லுங்க.”

அங்கேயே பழங்காநத்தத்துக்காரரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். அவருக்கு நினைவு இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க அன்னைக்கு ஒண்ணும் தப்பாச் சொல்லலியே சார்” என்றார். “‘நீங்களே பாத்துக்கங்க’ன்னு சொன்னீங்க. அதுலயே புரிஞ்சுக்கிட்டேன். வாசல்ல நின்னவர அப்படியே அனுப்பிட்டேன்.” பிறகு, “இப்ப வர்றாரான்னு கேளுங்க” என்றார்.

மலைச்சாமி தலையை ஆட்டினார். “கம்ப்யூட்டர் மிஷினத் தொட்டு அம்புட்டு வருசமாச்சு. இனிமே முடியாதுன்னு சொல்லிருங்க.” லேத்தை மறுபடி ஓடவிட்டு, திரும்பாமலே சொன்னார்: “வால்வு கம்பெனிக்காரருக்கும் போடுங்க சார்.”

இப்போது லேத்தின் முன் நிற்கும் இன்ஜினியர்களுக்கு நான் சொல்வது இது. ஆப்பரேட்டர் எழுதிய அளவும் நீங்கள் எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் ஆளைப் பார்க்காதீர்கள். இரண்டு அளவுக்கும் நடுவில் அந்தப் பீஸ் எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஒருவரைப் பற்றித் தவறாகச் சொன்னது பின்னால் தெரியவந்தால், யாரிடம் சொன்னீர்களோ அவரிடமே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்தால், முதலில் சொன்னதையே இன்னொரு முறை சொல்வதாகத்தான் ஆகும்.

வால்வு கம்பெனிக்காரரின் பழைய எண் வேலை செய்யவில்லை. கம்பெனி திருமங்கலம் பக்கம் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை நேரில் போகிறேன்.