மஸ்கட்டம்மா தண்ணீர் வாங்கிய வருஷம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் "அவசியம் வீட்டுக்கு வரணும்" என்று சொன்னால், "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று மற்றவர் சொல்ல வேண்டும். அதோடு விவகாரம் முடிந்தது. சொன்னவரும் அரிசி ஊறப்போட மாட்டார், கேட்டவரும் பஸ் ஏற மாட்டார். யாருக்கும் மரியாதை குறையாத இந்த ஏற்பாடு போர்ச்சுகல் நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்பது என் சித்தப்பாவுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சித்தப்பா அப்போது மஸ்கட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே போட்டோ எடுக்க வந்த ஒரு போர்ச்சுகல் அம்மாளைப் பாலைவனமெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறார். மணலைப் பார்த்துப் பார்த்துச் சித்தப்பாவுக்கே அலுத்துப்போய், பேச்சு எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் திரும்பியிருக்கிறது. கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் வருஷத்தின் முதல் தண்ணீர் எப்படி வரும் என்று வர்ணித்திருக்கிறார். ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரும். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். முன்னால் பூச்சியும் நண்டும் ஓடும், பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்து வரும். கடைசியில் வழக்கம்போல, "வாங்க, எங்க வீட்டுலதான் தங்கணும்" என்று முடித்திருக்கிறார்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், வலங்கைமானிலிருந்து வந்த ஆட்டோ ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது. முதுகில் ஒரு மூட்டையும் கழுத்தில் இரண்டு கேமராவுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கி, போனில் இருந்த சித்தப்பாவின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். காணாமல் போனவரைத் தேடி வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பா மஸ்கட்டுக்குப் போன் போட்டார்.

"டேய், யாரோ ஒரு அம்மா வந்து நிக்கிறாங்கடா."

"அய்யய்யோ. நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே. நான் எல்லாரையும்தான் கூப்பிடுவேன்."

"மத்தவங்கல்லாம் வரலை. இவங்க வந்துட்டாங்க."

அம்மா அதற்குள் உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டிருந்தார். "வந்தவங்கள வெயில்ல நிக்க வச்சுட்டுப் போன்ல என்ன பஞ்சாயத்து? உள்ள கூப்பிடுங்க."

இப்படியாக அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்குள் வந்தார். சித்தப்பா வழியாக வந்ததால் தெருவில் அவருக்கு 'மஸ்கட்டம்மா' என்று பெயர் நின்றுவிட்டது. போர்ச்சுகல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை, என்னையும் சேர்த்து. அவருக்கு என் கட்டிலைக் கொடுத்தார்கள். எனக்குப் பாயும், மொழிபெயர்ப்பாளர் பதவியும் கிடைத்தன. நான் ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். மூத்திரம் போக அனுமதி கேட்பது, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்பது என்ற இரண்டு துறைகளில் என் இங்கிலீஷ் மிகவும் சரளமாக இருக்கும். இரண்டும் மஸ்கட்டம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

சித்தப்பா போனில் விளக்கியதிலிருந்து தெரிந்த விஷயம் இவ்வளவுதான்: மஸ்கட்டம்மாவுக்கு ஒரே ஒரு படம் வேண்டும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீரின் முகம். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார். திருச்சியில் விமானம் ஏற வேண்டிய தேதியும் குறிக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ளிப்போட வழியில்லை.

மேட்டூர் திறந்தாகிவிட்டது, கல்லணையிலும் விட்டுவிட்டார்கள். ஆனால் பெரிய ஆற்றில் தண்ணீர் வருவது வேறு, எங்கள் வாய்க்காலுக்கு வருவது வேறு. நாங்கள் கடைமடை. மேலே இருப்பவர்களெல்லாம் குடித்து, குளித்து, வயலுக்குக் கட்டி, மீதி இருந்தால்தான் எங்களுக்கு. மதகைத் திறந்துவிடும் லஸ்கர் தினமும் சைக்கிளில் வந்து, "நாளைக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் அப்பா பொறுக்க முடியாமல் மஸ்கட்டம்மாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பாபநாசம் பக்கம் போனார். அங்கே தண்ணீர் முந்தின நாளே வந்து, பையன்கள் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்களாம். மஸ்கட்டம்மா நீந்துகிற பையன்களைப் பார்த்துவிட்டு, கேமராவைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டார். இனி எங்கள் வாய்க்கால் ஒன்றுதான் கதி.

காத்திருந்த நாட்களில் அவர் வேறு படமாவது எடுத்திருக்கலாம். எடுக்க விட்டால்தானே? எங்கள் உபசாரம் அவர் தொழிலுக்கு ஜென்மப் பகையாக இருந்தது. அடிபம்பு ஓரத்தில் கரி பிடித்த பாத்திரங்கள் வெயிலில் கிடப்பதைப் பார்த்து அவர் கேமராவைத் தூக்குவார். "ஐயையோ, இருங்க இருங்க" என்று அம்மா ஓடிவந்து, புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று வரிசையாக அடுக்கி, "இப்ப எடுங்க" என்பார். சேற்றில் புரண்ட எருமையை நோக்கி அவர் குனிந்த மறு நிமிஷம், அப்பா அதைக் குளிப்பாட்டி நெற்றியில் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். எருமைக்கே அது யாரென்று தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது நல்ல படம் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது; அன்றைக்கு அவர் உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, காவல் நிலையத்தில் நிற்பதுபோல் நின்றார்.

மஸ்கட்டம்மா ஒருபோதும் முகம் சுளிக்கவில்லை. துலக்கிய பாத்திரத்தையும் எடுத்தார், குங்கும எருமையையும் எடுத்தார். எடுத்துக் காட்டி, நாங்கள் சந்தோஷப்படுவதை நின்று பார்த்தார். அவ்வளவு பொறுமையை நான் அதுவரை மனிதர்களிடம் பார்த்ததில்லை. எருமையிடம் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை அம்மா பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது எதற்கு என்று மஸ்கட்டம்மா சைகையில் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியாததால் சித்தப்பாவுக்குப் போன் போட்டு நடுவில் வைத்தோம்.

எங்கள் தெருவில் தண்ணீர் வாங்குவது என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் தண்ணீர் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், ஒரு வீட்டுப் பெண் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பாள். இரண்டு கையிலும் தாம்பாளம். அதில் மஞ்சள், பூ, ஒரு கை விதைநெல். தண்ணீர் வந்து இரண்டு பாதத்தையும் தொடுகிற வரை தட்டைக் கீழே வைக்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. தொட்ட பிறகு எல்லாவற்றையும் தண்ணீரில் விடுவாள். எந்த வீட்டுப் பெண் என்பது வருஷத்துக்கு ஒரு வீடாக முறை வைத்துப் போகும். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. அம்மா கல்யாணமாகி வந்த பிறகு ஒரே ஒரு தடவை முறை வந்ததாம். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வராவிட்டாலும் முறை போனது போனதுதான். அடுத்த வீட்டுக்குத் தாண்டிவிடும். விட்டால் இனி எனக்கு மீசை முளைத்த பிறகுதான்.

இதையெல்லாம் சித்தப்பா போனில் நீளமாக விளக்கினார். மஸ்கட்டம்மா தாம்பாளத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வெட்கப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

விமானத்துக்கு முந்தின நாள் வந்தது. தண்ணீர் வரவில்லை. மஸ்கட்டம்மா மூட்டையைக் கட்டி வைத்துவிட்டார். லஸ்கர் அன்றைக்கும் வந்தார். ஆனால் அன்று காபிக்கு உட்காரவில்லை. சைக்கிளிலிருந்து இறங்காமலே, "மேலத்தெரு மதகு தாண்டிடுச்சுங்க!" என்று கத்தினார்.

தெருவே வாய்க்காலுக்கு ஓடியது. மஸ்கட்டம்மா எங்களுக்கு முன்னால் போய், ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த இடத்தில் குப்புறப் படுத்துவிட்டார். வாய்க்காலின் அடியில், முகவாய் மண்ணில் பட, கேமரா தரையோடு. வளைவைத் தாண்டித் தண்ணீர் வந்தால் நேரே அவர் கண்ணுக்குள்தான் வரும். அவர் முதுகெல்லாம் புழுதி. அப்பாவும் நல்லவேளையாக அவரைக் குளிப்பாட்டக் கிளம்பவில்லை.

அம்மா அரக்குப் புடவையில் தாம்பாளத்தோடு படியில் வந்து நின்றார். வளைவுக்கு அப்பால் பையன்களின் கூச்சல் கேட்கத் தொடங்கியது. அம்மா ஒரு படி இறங்கினார். அந்த அம்மாள் மண்ணில் கிடப்பதைப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம் திரும்பி, ஏதோ சாம்பாரில் உப்புப் போட மறந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்:

"ஏங்க, அவங்க வாங்கட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? உன் முறை இது."

"அவங்க நாளைக்குப் போயிடுவாங்க. நான் இங்கதானே இருக்கப் போறேன். தண்ணி எங்க போயிடும்?"

"அவங்க போட்டோ எடுக்க வந்திருக்காங்கடி."

"போட்டோதானே? அப்புறம் எடுத்துக்கலாம். இத்தனை நாளா நம்ம தண்ணிக்காகக் காத்துக் கெடக்குறாங்க. வேடிக்க பார்க்கவச்சா அனுப்புறது?"

எதிர்வீட்டுப் பெரியம்மா குறுக்கே வந்தார். "நல்லா இருக்கே! கழுத்துல ஒண்ணுமே காணோம், அவங்களப் போயி…"

"தண்ணி என்ன கழுத்தையா பார்க்கப் போவுது, அக்கா? காலைத்தானே தொடுது."

அம்மா விறுவிறுவென்று இறங்கிப் போய், மண்ணில் கிடந்தவரின் தோளைத் தட்டினார். மஸ்கட்டம்மா நிமிர்ந்து பார்த்தார். அம்மா தாம்பாளத்தை நீட்டினார். "சொல்லுடா" என்றார் என்னிடம். "மிஸ், ப்ளீஸ்" என்றேன். அதற்குமேல் எங்கள் பள்ளிக்கூடம் கற்றுத்தந்திருக்கவில்லை.

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மஸ்கட்டம்மா எழுந்து, "நோ, நோ" என்று தலையை ஆட்டி அம்மாவைச் சுட்டிக் காட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே தட்டை இன்னும் நெருக்கமாக நீட்டினார். வளைவில் முதல் கொக்கு தெரிந்துவிட்டது. மஸ்கட்டம்மா கேமராவைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். கடைசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கேதான் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கரையில் எறிந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கேமராவை என் கழுத்தில் மாட்டி, என் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து, "யூ" என்றார். இரண்டு கைகளாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, அம்மா காட்டிய இடத்தில் போய் நின்றார்.

நான் இப்போது கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது என் கையில் ஒரு தட்டைத் திணித்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்திருக்கிறேன். யோசிக்கவே வேண்டாம், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுப்பேன். நான் தொழில் சுத்தமானவன். அதனால்தான் பெரிய ஆளாகவில்லையோ என்னவோ.

தண்ணீர் வந்தது. சித்தப்பா மஸ்கட்டில் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை. சருகைச் சுருட்டிக்கொண்டு, வெடிப்புகளுக்குள் களக் களக் என்று இறங்கி நிரம்பி, பழுப்பு நுரையோடு, அவசரமே இல்லாமல் வந்தது. மஸ்கட்டம்மா அசையவில்லை. ஒரு காலைத் தொட்டது. இன்னொரு காலையும் தொட்டது. தெருவே குலவையிட்டது. கழுத்து விவகாரத்தைக் கிளப்பிய பெரியம்மாவின் குலவைதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. பூவும் நெல்லும் மஞ்சளும் மிதந்து போயின. மஸ்கட்டம்மா உதட்டை மடித்துக் கடித்திருந்தார். பேசக் கூடாது என்ற விதியை எங்கள் தெருப் பெண்கள்கூட அவ்வளவு கறாராகக் கடைப்பிடித்ததில்லை.

நான் இத்தனை நேரமும் பொத்தானை அமுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகு இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நான் எடுத்த படங்களைப் பார்த்தார்கள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முதலில் வானம். அப்புறம் என் கட்டைவிரல், மிகத் தெளிவாக. லஸ்கரின் முதுகு. ஒரு கொக்கின் பின்பாதி. என் சொந்தப் பாதங்கள், பல கோணங்களில். தண்ணீரின் முகம் ஒரு படத்திலும் இல்லை. தண்ணீர் இருந்த ஒன்றிலும் அது எல்லாம் வந்து முடிந்து, எந்த ஊரிலும் ஓடுகிற சாதாரணத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் படத்தில் மட்டும் ஒரு ஆள் முழுதாக விழுந்திருந்தது. கரையில், அரக்குப் புடவையில், வெறுங்கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா. வாய் லேசாகத் திறந்திருந்தது. மஸ்கட்டம்மா அந்தப் படத்தைத் தாண்டவில்லை. வெயில் படாமல் கையைக் குவித்து மறைத்து, அம்மாவிடம் காட்டினார்.

"அய்யய்யே, வாயைப் பாரு, ஈ போறது தெரியாம" என்று அம்மா சிரித்தார். மஸ்கட்டம்மாவும் சிரித்தார். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அம்மா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையால் அவர் கண்ணையும் துடைத்தார். அப்புறம் தோளோடு தோள் ஒட்டி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுகரையிலிருந்து அப்பா கத்தினார். "டேய், என்னடா ஆச்சு? ரெண்டு பேரும் அழுவுறாங்களா சிரிக்கிறாங்களா?"

"என் போட்டோ அவ்வளவு நல்லா வந்திருக்குப்பா!" என்றேன், கேமராக்காரனுக்கு உரிய கம்பீரத்தோடு.