சிவப்புத் துண்டு போட்டும் யாரும் வரவில்லை

அக்கா ஊருக்கு வெளியே ஒரு சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தாள். ஆஸ்பத்திரித் துணிகள்தான் அங்கே வரும். அவள் இறந்த பிறகு துக்கம் விசாரிக்க வந்த அந்தக் கூடத்து இஸ்திரிக்காரர் சொல்லித்தான், அவள் பையனுக்கு மூச்சு முட்டிய நாளில் அங்கே நடந்தது எனக்கு முழுதாகத் தெரிந்தது.

இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. விழுந்தாலும் பாதிப் பேருக்கு மீதிப் பேரின் மொழி தெரியாது. ஊர் வேறு, கும்பிடும் சாமி வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது மட்டும் எல்லோர் வீட்டிலும் உண்டு. அதனால் அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வீட்டில் அவசரம் என்றால் இயந்திரத்தின் கைப்பிடியில் சிவப்புத் துண்டைப் போட வேண்டும். காரணம் யாரும் கேட்கக் கூடாது. கை ஒழிந்தவர் வந்து நின்றதும் கிளம்பலாம். புதியவர்களைப் பழக்க, அவளே அவ்வப்போது வெறுமனே துண்டைப் போட்டுவிட்டு, யார் முதலில் ஓடி வருகிறார்கள் என்று பார்ப்பாள். ‘டீச்சரம்மா’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அன்று மதியம், வீட்டில் பையனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“அக்கா, உன் புள்ளைக்கு மூச்சு ரொம்ப இழுக்குது. பம்ப் அடிச்சும் நிக்கல. உதடு நீலமா ஆகுது. கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடுறேன், நீ நேரா அங்க வந்துடு.”

“வரேன்டி,” என்றாள்.

அப்போது அவள் கொதிநீர் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். உள்ளே ஆபரேஷன் தியேட்டர் துணிகள். ஆளில்லாமல் விடக் கூடாத இயந்திரம் அது. சிவப்புத் துண்டைப் போட்டாள்.

ஒருவரும் அசையவில்லை. துணி மடிப்பவள் பக்கத்தில் இருந்தவளை இடித்து, “டீச்சரம்மா டெஸ்ட் வைக்கிறாங்கடி. புதுசா வந்தவ போகட்டும்,” என்று சிரித்தாள். புதிதாக வந்தவளோ மற்றவர்களைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

அக்கா துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டாள். இஸ்திரிக்காரர் தன் மேசையிலிருந்தே கத்தியிருக்கிறார்: “ஏம்மா, ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது, இப்பவா பரீட்சை?”

அவள் வாய் அசைந்ததாம். ஒன்றும் கேட்கவில்லையாம்.

“அவசரம்னா எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினவங்கம்மா அவங்க. தனக்குன்னு ஒரு நாள் கேட்டதில்ல. நெசமாத்தான் போட்டாங்கன்னு எங்களுக்கு எப்படித் தோணும்?” என்றார் இஸ்திரிக்காரர் என்னிடம்.

அக்கா சுவருக்குப் போய்ப் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். கூடம் முழுக்க நின்றது. உள்ளே இருந்த துணிகளை எல்லாம் முதலிலிருந்து துவைக்க வேண்டும். வண்டி வெறுமனே திரும்ப வேண்டியதுதான்.

“என் புள்ளைக்கு மூச்சு வரல,” என்றாள். “நான் போகணும்.”

முதலில் ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தது அந்தப் புதியவள். மடிப்பவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “நிக்காதீங்க தாயி, கிளம்புங்க!” என்று இஸ்திரிக்காரர் கத்தினார். “திட்டு வாங்குறத நாங்க பாத்துக்கறோம்.”

கிளினிக்கில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர ஏப்ரனோடு ஓடி வந்தாள். அதற்குள் பையனின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. பையன் முகத்து மாஸ்க்கை விலக்கி, “வேலை முடிஞ்சிடுச்சாம்மா?” என்று கேட்டான்.

“இல்லடா, முடியல,” என்றாள். மாஸ்க்கைச் சரியாக வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.