மூன்றாவது குரல்

டிசம்பர் மழை வந்தால் எங்கள் ஊர் மலைநாடு மாதிரி நடிக்க ஆரம்பித்துவிடும். சிங்கப்பூருக்கு வடக்கே, எங்கள் சிம்பாங் ரெங்கத்தில் மின்காற்றாடியை ஒன்றாம் எண்ணில் வைத்துவிட்டுப் போர்வை தேடுவோம். வருஷம் தவறாமல் அந்தக் குளிரில் ஒரு நாள் காலை, நாங்கள் பதினைந்து பேர் பாலோ பக்கத்துக் குன்றுகளில் நடப்போம். எல்லாரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர்கள். எல்லாருக்கும் கொலஸ்ட்ரால் உண்டு.

போன வருஷம்தான் என் மனைவி முதல் தடவையாக வந்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்று மாதம் கேட்டேன், நகர்ந்தாள். இருபத்தெட்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை செய்து, வாரக்கடைசிக்கு மட்டும் வீட்டுக்கு வந்து போனவன் நான். வேலையை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, சாப்பாட்டையும் மகளின் போனையும் தாண்டி எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை என்று. இந்த நடை அவளுக்குப் பிடித்துவிட வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிடிக்காவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது எங்கள் குழுத் தலைவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வழக்கமான விதியைச் சொன்னார். "பேரு சொல்லி யாரும் கத்தாதீங்க. பின்னாலருந்து யாராச்சும் கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் திரும்பணும்." முனி இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது குரல் மனுஷனுடையது என்று தோட்டத்தில் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒருத்தரும் மீறமாட்டோம்.

என் மனைவி குளுவாங் கடைத்தெருவில் வளர்ந்தவள். "உங்க முனிக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதா?" என்று என் காதருகே கேட்டாள்.

பழைய செம்பனைகளை வெட்டிச் சாய்த்து, மறுநடவுக்காக விட்டிருந்த குன்று அது. மரமே இல்லை. இடுப்பளவு லாலாங் புல், அதன் நடுவே உளுத்துக் கிடந்த தண்டுகள், மேலே வெறும் வானம். பாதி ஏறுவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போனவரின் மஞ்சள் மழைச்சட்டை மங்கி, வெளுத்து, இல்லாமல் போனது. என் சப்பாத்துச் சத்தம்கூட வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஏறுகிறேனா இறங்குகிறேனா என்பதே மறந்துவிட்டது. அப்படியே நடந்துகொண்டே இருக்கலாம் போலிருந்தது. எனக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் அவள் வருகிறாள் என்ற நினைப்பே சுகமாக இருந்ததால், திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை.

"என்னங்க."

நடை தானாகத் தளர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "என்னங்க."

நின்றேன். திரும்பவில்லை. புல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. கம்ப்யூட்டரோடு காலம் தள்ளிய மனுஷன், ஐம்பத்தாறு வயதில், முனிக்குப் பயந்து வேகமாக மேலே நடந்தேன்.

உச்சியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் ஆசிரியர் தலைகளை எண்ணினார். பதினைந்துக்குப் பதினான்குதான் இருந்தது. யார் குறைகிறார்கள் என்று அவர் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டு கீழே ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு தண்டின்மேல் உட்கார்ந்து, கணுக்காலில் இருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். புல் மறைத்திருந்த கால்வாயில் கால் இடறியதாம். கொஞ்சம் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டிய வாய், பழக்கதோஷத்தில் குற்றம் சொன்னது.

"மூணாவது தடவ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"எங்க வீட்ல, போற ஆள பின்னாலருந்து கூப்பிடவே மாட்டாங்க," என்றாள். "கால் வலில ரெண்டு தடவ கூப்பிட்டேன். அப்புறம் மனசு வரல." அட்டையைப் புல்லுக்குள் எறிந்தாள். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் பைய தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் போவீங்கள்ல. ஒவ்வொரு வாரமும் கூப்பிடணும்போல இருக்கும். போறவர கூப்பிடக்கூடாதுன்னு விட்ருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு தடவைகூட அந்த வாசலில் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அழுகை வந்தது. பனியில் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

கைக்குட்டையால் அவள் கணுக்காலைக் கட்டினேன். திரும்பிப் போய்விடலாம் என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நாசி லெமாக்கை விடுவதா என்று கேட்டாள். இந்தத் தடவை அவளை முன்னால் விட்டேன். மெல்ல, நொண்டி நொண்டி ஏறினாள். பத்தடியில் அவள் முதுகு மங்கத் தொடங்கியது.

எனக்குத் தாங்கவில்லை. போகிறவளைப் பின்னாலிருந்து, பேர் சொல்லியே, ஒரு தடவை கூப்பிட்டேன்.

உடனே திரும்பினாள்.